பாய்மரப் படகுப் போட்டியில் பெண்கள்: படகு யார் கையில்?

(மும்பையில் நம் சங்கத்தின் மகளிர் பிரிவு கூட்டிய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக என்ன பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். குடிநீர்க் குழாய், ரேஷன் அட்டை, குடிசை மாற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, பாய்மரப் படகுப் போட்டியில் பெண்கள். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இருக்கும் ஒரு அக்கா சிரித்தார். "சோறு பொங்க நேரமில்லை, இதில் படகுப் பந்தயமா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

படகுப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்பது உண்மை. மும்பையில் 1846லும் சென்னையில் 1911லும் வெள்ளைக்காரர்கள் படகுக் கழகங்கள் அமைத்தார்கள். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிப் போகிறோமே, அதற்குப் பக்கத்தில்தான் மும்பைக் கழகத்தின் கட்டடம் இருக்கிறது. வெளியே நின்று பார்த்திருப்போம், உள்ளே போனதில்லை. எந்த இடத்தில் "உனக்கு இங்கே வேலையில்லை" என்று சொல்கிறார்களோ, அந்த இடத்தின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். யார் உள்ளே போனார்கள், எப்படிப் போனார்கள், கதவு எதனால் திறந்தது என்று கேட்டுப் பார்த்தால், அது நம்முடைய கதையாகவும் இருக்கும்.

போட்டி என்றால் என்ன?

முதலில் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நீரில் மிதவைகளைக் கட்டி வைப்பார்கள். நம் மீனவர்கள் போயா என்பார்களே, அதுதான். அந்த மிதவைகளைச் சொன்ன வரிசையில் சுற்றி வர வேண்டும். எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது. காற்று ஒன்றே துணை. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். எந்த நேரத்தில் திரும்புவது, அடுத்த காற்று எந்தப் பக்கம் வரும், நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதன் குணம் பார்த்துக் கடலுக்குப் போன ஊர்க்காரர்களுக்கு இது புதிய கல்வி இல்லை.

ஒரே நாளில் முடிவதும் இல்லை. பல ஓட்டங்கள் நடக்கும். முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவதாக வந்தால் 2, பத்தாவதாக வந்தால் 10. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி. மிக மோசமான ஒரு ஓட்டத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தால் போதாது. நாள்தோறும் தவறாமல் நன்றாக ஓட்ட வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும் என்று நினைக்கிறேன்.

உடல் பலம் வேண்டாமா? வேண்டும். காற்று படகைச் சாய்க்கும்போது, கால் விரல்களை ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே சாய்த்துப் பிடிக்க வேண்டும். தொடை எரியும், வயிறு இறுகும், உப்புத் தண்ணீர் முகத்தில் அறையும். அதனால் பெண்ணுக்கு ஆகாது என்று பல காலம் சொன்னார்கள். அதற்கு இந்த விளையாட்டே ஒரு வழி கண்டது. முன்பு லேசர் என்றும் இப்போது ஐ.எல்.சி.ஏ. என்றும் அழைக்கப்படும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4.2 மீட்டர், ஒருவர் மட்டும் ஓட்டுவது. படகின் உடல் ஒன்றுதான். பாய் மட்டும் மூன்று அளவு. சிறுவர் சிறுமியருக்கு 4.7 சதுர மீட்டர், பெண்களுக்குச் சுமார் 5.8, ஆண்களுக்குச் சுமார் 7.1. எடைக்கு ஏற்ற பாயைக் கொடுத்துவிட்டால் மிச்சம் அறிவும் பயிற்சியும்தான். காலை நாலு மணிக்குக் குழாயடியில் வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக மாடிப்படி ஏறும் நம் பெண்ணுக்குப் பலமில்லை என்று யாராவது சொன்னால், ஒரு வாரம் அந்தக் குடத்தைத் தூக்கிப் பார்க்கட்டும்.

சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும்...

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் பெண் யார் தெரியுமா? ஓட்டக்காரியும் இல்லை, நீச்சல்காரியும் இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் சென்ற எலென் த பூர்த்தலே என்ற பெண்மணி. சுவிட்சர்லாந்துக்காகப் போட்டியிட்டவர். அன்றைக்கே ஒலிம்பிக் படகுப் போட்டியில் ஆண், பெண் சேர்ந்து போகலாம். விதி தடுக்கவில்லை. பிறகு ஏன் ஆயிரம் பெண்கள் போகவில்லை? அந்த அம்மையார் ஒரு பிரபுவின் மனைவி. படகு கணவருடையது. படகில் இருந்தவர்கள் கணவரும், கணவரின் உறவுக்காரரும். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. படகு வீட்டில் இருந்ததால் திறமையைக் காட்ட இடம் கிடைத்தது என்கிறேன்.

1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஒரு பெண் தங்கம் வாங்கினார். பெயர் ஃபிரான்சஸ் ரிவெட்-கார்னாக். அவரும் கணவரோடு சென்றவர். அந்தப் பிரிவில் போட்டிக்கு வந்ததே அந்த ஒரு படகுதான்! கார்னாக் என்ற பெயரைக் கேட்டதும் மஸ்ஜித் பந்தர் பக்கம் மூட்டை தூக்கிய பெரியவர்களுக்குக் காது நிமிர்ந்திருக்கும். ஆம், கார்னாக் பந்தர்தான். 1839 முதல் 1841 வரை பம்பாய் கவர்னராக இருந்த ஜேம்ஸ் ரிவெட்-கார்னாக்கின் பெயரால் வந்தது அது. அதே குடும்பப் பெயர்தான் இந்த அம்மையாருக்கும். நம்மவர்கள் அந்தப் பந்தரில் மூட்டை சுமந்தார்கள். அந்தக் குடும்பப் பெயர் ஒலிம்பிக் பட்டியலில் ஏறியது. யாரையும் இகழ இதைச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தாலும், உள்ளே போகும் வண்டி யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒலிம்பிக் படகுப் போட்டியில் வந்தது 1988ல், சியோலில். 1900க்கும் 1988க்கும் இடையே 88 ஆண்டுகள். அவ்வளவு காலமும் "பெண்கள் வரக்கூடாது" என்று விதி இல்லை. "வரலாம்" என்றே இருந்தது. ஆனால் படகு கொடுக்க ஆள் இல்லை, பயிற்சி கொடுக்க ஆள் இல்லை, குழுவில் சேர்க்க மனம் இல்லை. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சமையல்காரியாக ஏறியவர்

அடுத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் போகிற சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே சொல்கிறேன். டிரேசி எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெண். உலகத்தைச் சுற்றும் படகுப் பந்தயம் ஒன்று உண்டு. அப்போது விட்பிரெட் பந்தயம் என்று பெயர். 1985-86ல் அந்தப் பந்தயத்தில் ஆண்கள் நிறைந்த ஒரு படகில் சேர்ந்தார். எந்த வேலையில்? சமையல் வேலையில். பெண்ணுக்கு அந்த வேலைதான் கொடுத்தார்கள்.

சமைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். கரை இறங்கியதும் ஒரு முடிவு எடுத்தார். அடுத்த பந்தயத்துக்குப் பெண்கள் மட்டுமே உள்ள படகைக் கொண்டுவருவது என்ற முடிவு. பணம் கொடுக்கக் கம்பெனிகள் முன்வரவில்லை. பெண்கள் படகு மூழ்கினால் தங்கள் பெயர் கெடும் என்று பயந்தார்கள். அவர் தம் வீட்டை அடமானம் வைத்துப் பழைய படகு ஒன்றை வாங்கினார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தங்கள் கையாலேயே செப்பம் செய்தார்கள். கடைசியில் ஜோர்டான் மன்னர் ஹுசேனின் ஆதரவு கிடைத்தது. 'மெய்டன்' என்று படகுக்குப் பெயர்.

1989 செப்டம்பரில் 12 பெண்கள் புறப்பட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். முதல் துறைமுகத்தைக்கூட எட்டமாட்டார்கள் என்று பந்தயம் கட்டினவர்களும் உண்டு. நடந்தது என்ன? தென் கடலில், பனிக்கட்டி மிதக்கும் குளிரில், மிகக் கடினமான இரண்டாம் கட்டத்தில் தம் பிரிவில் முதலாவதாக வந்தார்கள். அடுத்த கட்டத்திலும் அவர்களே முதல். 1990ல் பந்தயம் முடிந்தபோது தம் பிரிவில் இரண்டாம் இடம். அடுப்படியில் நின்றவர் சுக்கான் பிடித்துக் காட்டினார். ஆனால் ஒரு பெண் வீட்டை அடகு வைத்தால்தான் கதவு திறக்கும் என்றால், அடகு வைக்க வீடே இல்லாதவளுக்கு என்ன வழி?

இட ஒதுக்கீடு தந்த வழி

அதற்கு வழி விதியில் இருக்கிறது. மெய்டனுக்குப் பிறகும் அந்த உலகப் பந்தயத்தில் பெண்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். 2017-18 பந்தயத்துக்கு முன் அமைப்பாளர்கள் ஒரு விதி போட்டார்கள். ஆண்கள் மட்டும் உள்ள படகென்றால் 7 பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. பெண்களைச் சேர்த்தால் கூடுதல் ஆள் ஏற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான்! கடலில் ஒரு ஆள் கூடினால் தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் கூடும், பாய் மாற்ற இரண்டு கை கூடும். நேற்று வரை "தகுதியான பெண் கிடைக்கவில்லை" என்று சொன்ன தலைவர்கள் எல்லாம் பெண்களைத் தேடி ஓடினார்கள். பந்தயத்தில் வந்த 7 படகுகளும் பெண்களை ஏற்றின. வென்ற படகில் கரோலின் ப்ரௌவர், மரீ ரியூ என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்கள் அவர்கள்.

இட ஒதுக்கீடு வந்தால் தகுதி கெடும், தரம் கெடும் என்ற பாட்டை நாம் எத்தனை தலைமுறையாகக் கேட்கிறோம்! நடுக்கடலில் அந்தப் பாட்டு எடுபடவில்லை. ஒலிம்பிக்கிலும் படிப்படியாக விதி மாறியது. 2016ல் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே ஓட்ட வேண்டிய கலப்புப் பிரிவு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய் நகரில் நடந்தன. 10 பிரிவுகள். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 4, கலப்பு 2. ஆண்கள் 165 பேர், பெண்கள் 165 பேர். சரிபாதி. 1988ல் ஒரே ஒரு பெண்கள் பிரிவில் தொடங்கியது, 36 ஆண்டில் இந்த இடத்துக்கு வந்தது.

அந்தக் கலப்புப் பிரிவின் படகு இரட்டை உடல் கொண்டது. அந்த வகைப் படகை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் அது. படகின் அமைப்பு வேறு, பெயர் நம்முடையது. நம் சொல் ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது. நம் பெண் போக வேண்டாமா?

பிள்ளை பெற்றால் வேலை போகுமா?

தாய்மார்களே, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் கிளாரிஸ் கிரேமேர் என்ற வீராங்கனை. தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயத்தில் 2020-21ல் கலந்துகொண்டு, 87 நாளில் 12ஆவது இடம் பிடித்தவர். 2022 நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த பந்தயத்துக்குத் தகுதி பெற, அதற்கு முந்தைய ஆண்டுகளில் பல பந்தயங்கள் ஓடிப் புள்ளி சேர்க்க வேண்டும் என்பது விதி. கர்ப்பமாக இருந்த மாதங்களில் அவர் எப்படிக் கடலில் இருப்பார்? புள்ளி குறைந்தது. புள்ளி குறைந்ததைக் காட்டி, அவருக்குப் படகு கொடுத்த நிறுவனம் 2023ல் அவரை விலக்கியது.

அவர் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. ஊரறியச் சொன்னார். பிரான்ஸ் முழுவதும் பேச்சாகிவிட்டது. சில வாரங்களில் வேறு ஆதரவு கிடைத்தது. 2024-25 பந்தயத்தில், மடியில் பிள்ளை வைத்திருந்த அந்தத் தாய், 77 நாளில் 11ஆவதாக வந்தார். முன்பைவிட ஓர் இடம் மேலே.

நம் நாட்டில் 1961ல் பேறுகாலச் சட்டம் வந்தது. 2017ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு பேறுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரிக்கு அந்த 26 வாரத்தில் எத்தனை வாரம் கிடைத்தது? பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அந்த வீட்டில் வேறு ஆள் நிற்கிறாள். உலகம் சுற்றிய வீராங்கனைக்கும் சயான் கோளிவாடா வீட்டு வேலைக்காரிக்கும் நடந்தது ஒன்றுதான். அவருக்குப் பேச ஒரு மேடை இருந்தது. நமக்கு இந்தச் சங்கம் இருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு வருவோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே இந்திய ஆண்கள் பாய்மரப் படகு ஓட்டினார்கள். முதல் இந்தியப் பெண் ஒலிம்பிக் படகேறியது 2021ல், டோக்கியோவில். 49 ஆண்டுகள் கழித்து! அவர் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். 2020 ஜனவரியில் மியாமியில் உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வென்றார். அத்தொடரில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. டோக்கியோவில் 35ஆவது இடம்; பாரிஸில் 21ஆவது இடம். பதக்கம் இல்லையே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஐரோப்பியப் பெண் ஏழு வயதில் தொடங்குகிற விளையாட்டில், நம் ஊர்ப் பெண் மூன்று ஆண்டில் 14 இடம் முன்னேறினார்.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சென்னையின் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம் வாங்கினார்கள். 2018 ஆசிய விளையாட்டில் அதே வர்ஷா, மும்பையின் ஷ்வேதா ஷெர்வேகரோடு சேர்ந்து வெள்ளி வாங்கினார். இருவர் ஓட்டும் படகு அது. ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவரும் அதே நொடியில் சாய வேண்டும். இல்லையென்றால் இருவருமே தண்ணீரில். சென்னைப் பெண்ணும் மும்பைப் பெண்ணும் ஒரே படகில்! "நீ எந்த ஊர்க்காரன், எதற்கு இங்கே வந்தாய்" என்று நம்மைக் கேட்கிறவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம்.

இவர்களில் பெரும்பாலோர் ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படகு, பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் லட்சக்கணக்கில் போகிறது. அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள்.

மத்தியப் பிரதேசத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் போபாலில் பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் மாநில அரசின் ஆதரவோடு பாய்மரப் படகுப் பள்ளி நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற ஹர்ஷிதா தோமர் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். வயது 16. அது ஆண், பெண் பிரிவு இல்லாத போட்டி. பையன்களையும் சேர்த்தே வென்றார்! அதே பள்ளியிலிருந்து நேஹா தாக்கூர். தேவாஸ் மாவட்டத்துக் கிராமம், அப்பா விவசாயி. 2023ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி. 11 ஓட்டங்களில் மொத்தம் 32 புள்ளி. மோசமான ஓட்டத்தின் 5 புள்ளியைத் தள்ளினால் 27. மோசமான ஓட்டமே ஐந்தாவது இடம் என்றால், மற்றவை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் ஒரு படகுக் கழகம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பாய்மரம் பழக்குகிறது. அங்கிருந்து வந்த ப்ரீத்தி கொங்கரா 2023 ஆசிய விளையாட்டில் கலப்புப் பிரிவில் நாட்டுக்காகப் படகோட்டினார்.

கடல் இல்லாத ஊர், காசில்லாத வீடு. மாறியது எது? பொதுப் பணத்திலோ பொதுநல உள்ளத்திலோ யாரோ படகு வாங்கிக் கரையில் நிறுத்தினார்கள். "வா அம்மா, ஏறு" என்று சொன்னார்கள். பிள்ளைகள் ஏறினார்கள். என் பேச்சு முழுவதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

போட்டிக்கு வெளியிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரக் கப்பலில் கடற்படை அதிகாரிகள் இருவர் உலகம் சுற்றப் புறப்பட்டு, 2025 மே மாதம் திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா. இன்னொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. நம் மொழி பேசும் பெண். தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையை, மாலுமிகள் கல்லறை என்று பயப்படும் அந்த இடத்தை, பாயை மட்டும் நம்பிக் கடந்தார்கள்.

பெண்ணால் ஆணை வெல்ல முடியுமா என்று இன்னும் சந்தேகம் உள்ளவர்களுக்கு: 2022 செப்டம்பரில் 16 பேர் தனித்தனிப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் புறப்பட்டார்கள். அதில் ஒரே பெண், தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர். வழியில் இந்தியப் பெருங்கடலில் ஒரு போட்டியாளரின் படகு மூழ்கியது. கிர்ஸ்டன் தன் பாதையை விட்டுத் திரும்பிப் போய் அவரைக் காப்பாற்றி, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, மறுபடி ஓட்டினார். 2023 ஏப்ரலில் முதலாவதாகக் கரை சேர்ந்தார். இரண்டாவதாக வந்தவர் யார்? நம் நாட்டின் மாவீரர் அபிலாஷ் டோமி. அப்பேர்ப்பட்டவரை முந்தியது ஒரு பெண்.

நம் வீட்டுக்குள்

இனி வெளியே உள்ளவர்களை விட்டுவிட்டு நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "வெயிலில் கருத்துப் போனால் யார் கட்டுவான்?" "அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டா நிற்பது?" "ஆம்பிளைப் பையன்களோடு வெளியூரா?" "தண்ணீரில் ஏதாவது ஆகிவிட்டால்?"

கடைசிக் கேள்வி மட்டும் நேர்மையான கேள்வி. மழைக்காலத்தில் மும்பைக் கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அதனால்தான் நீச்சல் முதலில் வேண்டும் என்கிறேன். பயிற்சியில் மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏற்றமாட்டார்கள். நீச்சல் தெரியாமல் கடலோர நகரத்தில் வளர்வதுதான் பெரிய ஆபத்து. மூன்று பக்கமும் கடல், நம் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே மாகிம் கழிமுகம். ஆனால் நம் பெண்பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்?

கருப்பைப் பற்றி: இராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் முங்கி முங்கி எடுக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குடும்பம் நடக்கிறது. அந்தக் கருப்புக்கு என்ன குறை? உழைத்துக் கருத்த தாயின் வயிற்றில் பிறந்துவிட்டு, மகள் கருத்துவிடுவாள் என்று பயப்படுவது நமக்கு அழகா?

தூத்துக்குடியிலிருந்து தோணியில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தோணியில் பெண்ணுக்கு இடம் தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். வெள்ளைக்காரன் கழகம் மட்டும் கதவைச் சாத்தவில்லை. நம் பாட்டனும் சாத்தினான்.

என்ன செய்யலாம்?

பேசிக் கைதட்டி எழுந்து போனால் பயன் இல்லை. சங்கத்தின் செயற்குழு முன் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. 8 வயது முதல் 14 வயது வரை உள்ள நம் பெண்பிள்ளைகளின் பட்டியல் எடுப்போம். மாநகராட்சி நீச்சல் குளத்துக்குத் தனித்தனியாக அலையாமல், சங்கத்தின் பெயரால் கூட்டமாக மனுக் கொடுப்போம். கூடப் போக இரண்டு தாய்மார்கள் முறை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு. பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் மகள்களை, அங்கே என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால், அதில் சேர விடுங்கள். பெண்களும் சேரலாம். படகு வலிக்கவும் பாய் பிடிக்கவும் கற்றுத் தருகிறார்கள். நம் போன்றவர்களுக்குக் கடலுக்குப் போகும் வழிகளில் செலவு குறைந்தது அதுவே.

மூன்று. போபாலில் முடிகிறது, ஹைதராபாத்தில் முடிகிறது. துறைமுக நகரமான மும்பையில் ஏழைப் பிள்ளைக்கு ஏன் ஒரு பொதுப் படகு இல்லை? மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் இந்தக் கேள்வியை எழுத்தில் அனுப்புவோம். மராத்திச் சகோதரிகளையும் கோளி மீனவச் சகோதரிகளையும் சேர்த்துக்கொண்டே அனுப்புவோம். கடலை நம்மைவிட அறிந்தவர்கள் அவர்கள். தொடக்கப் பயிற்சியில் சேரும் பிள்ளையிடம் எந்த மாநிலத்தவள் என்று கேட்கக்கூடாது என்பதையும் அதில் எழுதுவோம்.

நான்கு. இது அண்ணன்மார்களுக்கு. மகள் பயிற்சிக்குப் போகிற காலையில் குழாயடியில் குடத்தோடு யார் நிற்பது? மனைவி வேலைக்குப் போயிருப்பாள். நீங்கள் நில்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் கொடுக்காவிட்டால், மேலே சொன்ன மூன்றும் காகிதத்தோடு நிற்கும்.

தொடக்கத்தில் சிரித்த அக்காவுக்கு என் பதில் இதுதான். சோறு வேண்டும், அதற்கான போராட்டத்தை விடப்போவதில்லை. ஆனால் நம் மகள் நமக்குச் சோறு மட்டும் பொங்கிப் போடப் பிறந்தவள் இல்லை. பட்டியல் எடுக்கும் நோட்டு வாசலில் நம் தோழியரிடம் இருக்கிறது. போகும்போது மகளின் பெயரையும் வயதையும் எழுதிவிட்டுப் போங்கள்.